ஏழு நாட்டுக்குப் போன மிளகாய்

"தண்ணி! தண்ணி!" என்று சமையலறைக் குழாயடியில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார் கணவர்.

அவள் ஓடிவந்தாள். "இனிப்பு மிளகாய்" என்று அவள் கைப்படச் சீட்டு எழுதி ஒட்டிய விதை பாட்டில் மேடைமேல் திறந்து கிடந்தது.

"விதையைத் தின்னீங்களா?"

"ரெண்டே ரெண்டு. இனிப்புன்னு எழுதியிருக்குன்னு நம்பி..." மேலே பேச வரவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

அவள் பக்கத்திலிருந்த "ஊசி மிளகாய்" பாட்டிலைத் திறந்து ஒரு விதையைக் கடித்தாள். சப்பென்று இருந்தது. இன்னொன்றைக் கடித்தாள். அதுவும் சப்.

இருபது வருஷமாக மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் படித்துவிடுவாள். இதுவரை ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டில் இரண்டே இரண்டு சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷமாக அவளுக்கு ஏழு நாட்டில் ஏழு தோட்டக்கார நண்பர்கள். முகம் பார்த்ததில்லை, விதை மாற்றிக்கொள்வதுதான் உறவு. அனுப்பிய விதையை வைத்துப் பீட்ரூட் டீச்சர், தக்காளிக்காரர் என்று அவளாகவே பேர் வைத்திருந்தாள். அவள் மாடியில் படர்ந்திருந்த நீலப்பூக் கொடியும் கோடு போட்ட பீன்ஸும் அவர்கள் அனுப்பியவை. பதிலுக்கு இரண்டரை மாதத்துக்கு முன்னால் அந்த இனிப்பு பாட்டிலிலிருந்துதான் கவருக்கு இருபதாக எண்ணிப் போட்டு, "குழந்தைகள் பச்சையாகவே கடிக்கலாம்" என்று துண்டுச் சீட்டும் வைத்து, ஏழு பேருக்கும் அனுப்பினாள்.

"ஐயோ, பீட்ரூட் டீச்சர் வீட்ல நாலு வயசுப் பேத்தி இருக்குங்க! தோட்டத்துல எது சிவப்பா தெரிஞ்சாலும் வாய்ல போட்டுக்கும்னு எழுதியிருந்தாங்களே!"

கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். எதற்கும் பதறாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழகியவர்.

"முதல்ல பிரேக் போடு. போன்ல தமிழ்ல எழுதினா அதுவே எந்த பாஷைக்கும் மாத்திக் குடுக்குதே. எழுது."

எழுதினாள். "நான் தந்த மிளகாய் வேண்டாம். பேராபத்து. உடனே பிடுங்கிவிடுங்கள்." அடியில் வழக்கம்போலத் தன் பேரும், அதற்குக் கீழே "மருந்தாளர்" என்றும் போட்டாள். ஏழு பேருக்கும் பறந்தது.

மாலைக்குள் பதில் வந்தது. முதலில் தக்காளிக்காரர், ஒரு மலைநாட்டு மனிதர்.

"பிடுங்கிவிட்டேன். முப்பத்திரண்டு செடிகள். தகவலுக்கு நன்றி, மருந்தாளரே. தக்காளி பாதுகாப்பானதா?"

"முப்பத்திரண்டா? நான் இருபது விதைதானே போட்டேன்?"

"அங்க மண்ணு அவ்வளவு நல்லா இருக்கும்போல" என்றார் கணவர்.

தக்காளியும் போய்விடுமே என்று அவள் அவசரமாக ஏழு பேருக்கும் விளக்கி எழுதினாள். "தக்காளிக்கு ஒன்றுமில்லை. மிளகாயில் காரம் அதிகம், அவ்வளவுதான்."

மறுநாள் காலை பீட்ரூட் டீச்சர் ஒரு படம் அனுப்பியிருந்தார். தோட்டம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் வாளி வாளியாக வினிகர். முகமூடி போட்டுக்கொண்டு பேத்தி.

"இதென்னங்க கூத்து?"

கணவர் அவள் அனுப்பிய செய்தியை வாங்கி, போன் மாற்றிய பாஷையிலிருந்து மறுபடி தமிழுக்குத் திருப்பினார். படித்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, நீ எழுதின காரம், போன்ல சோடா காரமாயிடுச்சு. துணி சோப்புல போடுவாங்களே, அது! மிளகாய்க்குள்ள சோடா அதிகம்னு போயிருக்கு. அதான் வினிகர் ஊத்தி முறிக்கறாங்க."

"முதல் செய்தி?"

அதையும் திருப்பினார். "நான் தந்த"வைக் காணோம். "மிளகாய் வேண்டாம். பேராபத்து. பிடுங்குங்கள். இப்படிக்கு, மருந்தாளர்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்பட எதுவுமில்லை, தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று மூன்றாவதாக ஒன்றை அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் தக்காளிக்காரரின் கடைசிப் பதில் வந்தது. ஊர்த் தோட்டக்காரர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டதாம். நாற்பது வீடுகளிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்த மிளகாய்ச் செடிகள் அனைத்தும் எரிக்கப்பட்டனவாம். எல்லோரும் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்களாம். சங்கத்தின் சார்பில் அவளுக்கு ஒரு நன்றிப் பத்திரம் வேறு தயாராகிறதாம்.

"இனிமே நீ போனைத் தொடாதே" என்றார் கணவர். "வண்டி ஏற்கெனவே வயலுக்குள்ள நிக்குது. இன்னும் மிதிச்சா கிணத்துக்குத்தான் போகும்."

அன்று அவள் மருந்துக்கடைக்கு விடுப்பு சொன்னாள். நிஜமான இனிப்பு விதைகளை, இந்தத் தடவை ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கணவரைத் தின்னச் சொல்லிச் சோதித்துவிட்டு, ஏழு கவரில் போட்டாள். அவருடைய டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வந்த பேராசிரியர் ஒருவரைப் பிடித்து ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினாள். குற்றம் முழுவதும் என்னுடையது, நான் அனுப்பிய விதையால் உங்கள் தோட்டம் அழிந்தது, முடிந்தால் மன்னித்து மறுபடி நட்பாக இருங்கள் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டாள். "மருந்தாளர்" என்று மட்டும் போடவில்லை.

"ஆறு வருஷ சிநேகிதங்க. இனிமே யாரு என் விதையை நம்புவாங்க?"

"மனுஷங்க தப்பு பண்றதுதான். ஒத்துக்கிட்டா மன்னிச்சுடுவாங்க, வா" என்று கணவரே தபால் ஆபீசுக்கு வண்டியோட்டினார்.

போன தடவைபோல வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வராமல், இந்தத் தடவை கவுன்ட்டரிலேயே கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்புவதில்லை என்று அவள் தீர்மானமாக இருந்தாள். ஏழு கவரையும் ஜன்னல் வழியாக நீட்டினாள். உள்ளே இருந்த குமாஸ்தா முதல் கவரின் விலாசத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"சீக்கிரம் போய்ச் சேரணும் சார். ரொம்பப் பெரிய தப்பு நடந்து போச்சு" என்றாள் அவள்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், மேடம்" என்று குமாஸ்தா மேசைக்கடியில் குனிந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஏழு பழைய கவர்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "வாசல்ல இருக்கற புகார்ப் பெட்டியை மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் திறப்போம். இன்னிக்குக் காலையில திறந்தா, உள்ளே இருந்தது பூரா நீங்க போட்ட கவர்தான்."