போற தூரம், வர்ற தூரம்

மனைவியை விமானம் ஏற விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். உறுதியான தீர்மானம்தான். அதை அவளிடம் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை.

கடல் தாண்டி வேலைக்குப் போன எங்கள் மகள், அம்மாவை மூன்று மாதத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். அம்மாவை மட்டும். விமானத்தை அண்ணாந்து பார்க்கவே நான் பயப்படுவேன் என்று மகளுக்குத் தெரியும். மனைவி இல்லாத வீட்டில் மூன்று நாள்கூட என்னால் இருக்க முடியாது. அதை வாய்விட்டுச் சொன்னால் மானம் போகும். அதனால் தூரத்தைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்தேன்.

அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏர்போர்ட் எவ்வளவு தூரம் தெரியுமா? நடுவுல இறங்கி வேற விமானம் மாறணும். இருபத்திரண்டு மணி நேரம்."

"வியாழக்கிழமை காலையில ஏறினா அன்னிக்குச் சாயங்காலமே அங்க இறங்கிடலாம்னாளே."

"அது கடிகாரம் பண்ற மோசடி. அவங்க ஊர்ல பொழுது பின்னால நிக்குது."

"அப்பவும் இப்படித்தான் தூரத்தைக் கூட்டிச் சொன்னீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அப்போது நான் பஸ் கண்டக்டர். அவள் தையல் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்த புதுசு. மடியில் துணிப்பை, அதில் எட்டிப் பார்க்கும் கத்தரிக்கோல். "ஸ்டாப் வந்தா சொல்லுங்க" என்றாள். ஸ்டாப் வந்தது. "இன்னும் தூரம் இருக்கு" என்று விசில் ஊதிவிட்டேன். கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பிவந்துதான் இறங்கினாள். வெளியே மழை. ஜன்னலை மூடத் தெரியாமல் நனைந்துகொண்டே சிரித்தாள். நினைத்தால் இன்றைக்கும் இனிக்கிறது.

"ஸ்டாப் தாண்டினது உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தையல் கிளாஸ் போர்டு ஜன்னல்லயே தெரிஞ்சுதே."

"பின்ன ஏன் இறங்கல?"

"உட்கார இடம் கிடைச்சுது. உட்கார்ந்திருந்தேன்."

மனசு இளகிவிட்டது. ஆனாலும் தீர்மானத்தை விட முடியுமா?

"சரி, போறது சுலபம்னே வச்சுக்க. வர்றது? போகும்போது கொடுத்த நேரத்தை வரும்போது மொத்தமா பிடுங்கிக்குவாங்க. வியாழன் ராத்திரி ஏறினா சனிக்கிழமை காலையிலதான் வீடு. வெள்ளிக்கிழமைன்னு ஒண்ணு இருந்த இடமே தெரியாது."

அவள் கை நின்றது. "வர்றது அவ்வளவு கஷ்டமா?"

"பின்னே?" ஜெயித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அவள் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஏண்டி, திரும்பி வர்றதுதான் பெரும்பாடுன்னு அப்பா சொல்றார். மூணு மாசத்துலயே எதுக்கு அந்தப் பாடு? டிக்கெட்டை ஆறு மாசமாப் போட்டுடு."

ஆறு மாதம். அவள் குரல் இல்லாத சமையலறை, அவள் திட்டாத காலைப்பொழுது. மானமாவது ஒன்றாவது.

"நானும் வரேன்" என்றேன்.

போனில் மகள் சிரித்தாள். "நீங்க சொன்ன மாதிரியே அப்பா வாயாலயே வந்துடுச்சும்மா. ஆனா அந்த விமானத்துல இனிமே சீட் இருக்கான்னு பாக்கணும்."

"இல்லாட்டி போகட்டும் விடு. உங்கப்பா வாழ்நாள் பூரா நின்னுக்கிட்டே வந்தவர்தானே" என்றாள் மனைவி.