சூடேற்றிய கை

தன் வீட்டில் இருக்கும் மாமனாரை இனி யார் வைத்துக்கொள்வது என்பதைப் பஞ்சா போட்டு முடிவு செய்யலாம் என்று சகலை சொன்னதும், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தாராளமாகத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை, சகலை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றி, கைகோத்துச் சாய்த்துப் பார்ப்பது. தோற்றவர் மாமனாரை வைத்துக்கொள்ள வேண்டும்.

பயப்பட என்ன இருக்கிறது? சகலை ஒல்லிப்பிச்சான். கடைக்காரருக்கு மணிக்கட்டே உலக்கை கனம். கல்யாணமான நாளிலிருந்து சகலையின் கையைப் பேச்சை நிறுத்தாமலே சாய்த்து வந்திருக்கிறார்.

ஆனால் தோற்றால் தொலைந்தார். மாமனார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். ஒருமுறை கடைக்காரர் சகலை வீட்டில் தங்கியிருந்தபோது, விடிவதற்கு முன்பே விசில் சத்தம் காதைக் கிழித்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், முன்னால் மாமனார் ஓட, பின்னாலேயே சகலை ஓடிக்கொண்டிருந்தார். பாவம் சகலை என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார் கடைக்காரர். காலைத் தூக்கத்தைத் தவிர இந்த உலகத்தில் வேறு சுகம் அறியாத மனுஷர் அவர்.

புதன்கிழமை சகலை போன் செய்தார். "இந்தத் தடவை வார்ம் அப் பண்ணிட்டுத்தான் உக்காருவேன் சகலை. சதை சூடானா பலம் கூடுதாம்."

தானும் வார்ம் அப் பண்ணியாக வேண்டும் என்று கடைக்காரர் முடிவு செய்தார். மறுநாள் மூக்குக்கண்ணாடியின் திருகு லூசாகிவிட்டதென்று மாமனாரே கடைக்கு வந்து நின்றதும், தெய்வமே அனுப்பி வைத்ததாக நினைத்துக்கொண்டார். யாரோ ஒரு கஸ்டமர் கேட்டதாகச் சொல்லி, வார்ம் அப் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார்.

"எல்லா உடம்பும் ஒண்ணில்ல மாப்பிள்ளை. ஒருத்தனுக்கு ஏறும், ஒருத்தனுக்கு இறங்கும், ஒருத்தனுக்கு ஒண்ணுமே ஆகாது. எங்க, அந்தக் கஸ்டமரா நினைச்சு என் கையை அழுத்திப் பிடிங்க."

பிடித்தார். மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை உதறினார். பிறகு கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே கடைக்காரரைக் கை சுழற்ற வைத்தார், சுவரைத் தள்ள வைத்தார், துணிப் பந்தைப் பிசைய வைத்தார். மறுபடி கையைப் பிடிக்கச் சொன்னார். இந்த முறை மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம். இதையே விடாம பண்ணச் சொல்லுங்க."

அன்று இரவே சமையலறையில் ஒரு பாட்டில் மூடி கடைக்காரரை அவமானப்படுத்தியது. பயிற்சி முடித்த கையோடு திருகினார், அசையவில்லை. மனைவி வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டுப் போனாள். போனில் மாஸ்டரிடம் கஸ்டமரின் நிலவரத்தைச் சொன்னார். போதவில்லை, இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள் என்றார் மாஸ்டர்.

இரட்டிப்பாக்கினார். வெள்ளிக்கிழமை கடையில் கை வெடவெடவென்று நடுங்க, ஒரு அம்மாவுக்கு மாட்டிவிடப்போன கண்ணாடியின் காதுக்கம்பி, நேராக அந்த அம்மாவின் மூக்குக்குள் போய்விட்டது. அந்த அம்மா இனி பக்கத்துக் கடைக்குத்தான் போவார். நடுக்கம் வந்தால் சதை விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம், நிறுத்தவே கூடாது என்றார் மாஸ்டர்.

"பண்ணாதப்போ நல்லாத்தானே இருந்தீங்க?" என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்? உங்கப்பா எத்தனை பேர் உடம்பைப் பார்த்தவர்."

அவள் பக்கத்து அறையை ஒழித்துப் பெருக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்கக் கடைக்காரருக்கு நேரமில்லை. சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று சகலை கொல்லைப்புறத்தில் குதித்துவிட்டு, கன்னமெல்லாம் சிவந்து, புது ஆளாக வந்து உட்கார்ந்தார். கடைக்காரர் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, சட்டை நனைந்து ஒட்டும்வரை எல்லாப் பயிற்சியையும் முடித்துவிட்டு வந்தார். கையைக் கோத்தார்கள். சகலை இன்னும் மூச்சைக்கூட இழுத்துப் பிடிக்கவில்லை. அதற்குள் உலக்கை மணிக்கட்டு தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு மேஜையில் படுத்துவிட்டது. சகலைக்கே நம்பிக்கை வரவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலம் மாமனார் பெட்டியோடு கடைக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூடத்திலிருந்த சோபாவைக் கண்டதும் அதில் புதைந்து காலை நீட்டிக்கொண்டார். கடைக்காரர் தைலம் தடவிய கையைத் தொங்கவிட்டபடி எதிரே நின்றார். அழுகைதான் வரவில்லை.

"காலைல எத்தனை மணிக்கு மாமா விசில் ஊதுவீங்க?"

"நானா? முப்பது வருஷம் ஊதினதெல்லாம் போதும். அதுவும் ஊதினேனே தவிர, ஓடினதில்ல. காலைல என்னை யாரும் எழுப்பாதீங்க, அது போதும்."

"அப்போ அன்னிக்கு அங்க கேட்ட விசில்?"

மாமனார் தலையணையை இழுத்து இடுப்புக்கு வைத்துக்கொண்டார்.

"அது பெரிய மாப்பிள்ளையோடது. தினமும் அதை ஊதி ஊதித்தான் என்னைத் துரத்துவார். அங்கிருந்து தப்பிக்கத்தானே மாப்பிள்ளை, உங்க கையைப் பிடிச்சுப் பார்த்து, எதைப் பண்ணினா பலம் இறங்குதோ அதையே தேடிச் சொல்லிக்குடுத்தேன்!"