என் இடது கண்ணைப் பற்றி ஒரு புகார்

பெரகல
12.3.1961

மரியாதைக்குரிய மச்சான் மாணிக்கராஜ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை றோசாலியும் நலம். என் வலது கண்ணும் நலம். இடது கண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன ஐப்பசியில் கொழும்பில், செத்துப்போன யாரோ ஒருவருடைய கண்ணிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி எதையோ எடுத்து என் கண்ணில் வைத்துத் தைத்தார்கள் அல்லவா? பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. ஜெபப்புத்தகம் வாசிக்கிறேன். ஆனால் யாருடைய கண் என்று கேட்டால் டாக்டர் வாயே திறக்கவில்லை. நல்ல மனிதன் கண் என்றால் சொல்லுவதற்கு என்ன? அங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது. சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்த்தால் வலது கண் மரியாதையாகப் பார்க்கிறது, இடது கண் முறைக்கிறது மச்சான். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவனை, அவன் முகத்திலேயே இருந்துகொண்டு முறைக்கிறது!

உங்களுக்குத் தெரியாததா? காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி நான் பேர் கூப்பிட்டால் அத்தனை பேரும் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவார்கள். குனியாமல் என்னை நேராகப் பார்த்தவன் ஒருத்தன்தான், கொழுந்து பறிக்கிற இராக்கம்மாவின் மகன் சின்னராசா. அந்தப் பார்வைக்காகவே அவன் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்தினேன். கொழும்புக்கு மூட்டை தூக்கப் போனான், அதற்குப் பிறகு அவனைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

இப்போது அந்த இராக்கம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் சாமான் வாங்கத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, என் வாசலில் நின்று, இமை கொட்டாமல் என் இடது கண்ணையே பார்க்கிறாள். முதல் வாரம் தொழிற்சங்கத்துக்காரன் அனுப்பிய ஆள் என்று நினைத்தேன். ரெண்டாவது வாரம் செய்வினையோ என்று வாசலில் தீர்த்தம் தெளித்தேன். மூணாவது வாரம் றோசாலி, "ஒங்களுக்கும் அவளுக்கும் என்னங்க?"ன்னு கேட்டுப்புட்டா. இந்த வயசுல எனக்கு இது தேவையா மச்சான்? கறுப்புக் கண்ணாடி மாட்டுனேன். "அதக் கொஞ்சம் கழட்டுங்கய்யா"ங்குறா! போன வாரம் "கண்ணு வலிக்குதுங்களா? அடுப்புப் பொகையில நிக்காதீங்க"ன்னு உத்தரவு வேற. என் கண்ணு மேல இவளுக்கு என்ன அக்கறை? ஏதோ சூது இருக்கு.

ஆகவே தோட்டத்துத் துரைக்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் பேரையும் வெட்டி, லயத்து வீட்டை விட்டும் எழுப்பிவிட வேண்டியது. நீங்கள் ஆபீசில் பெரிய கிளாக்கர், துரை கையிலேயே கொடுத்துவிடவும்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். மாதா உங்கள் வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் யாகோப்பு
(ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை)

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் இராக்கம்மா வந்துவிட்டாள். "ஒன்னத் தோட்டத்த விட்டே எழுப்புறேன் பாரு" என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. "எம்மவன் கொழும்புல லொறியில அடிபட்டுச் செத்துட்டாங்கய்யா. கண்ணக் குடுத்தா யாருக்காச்சும் பார்வை வரும்னாங்க, கைநாட்டு வச்சேன். ஆசுபத்திரியில வெளிய உக்காந்திருக்கேன், அந்தக் கண்ண வைக்க ஒங்களத் தள்ளிக்கிட்டு உள்ள போறாங்க. வேணாம்னு சொல்லிடலாம்னு எந்திரிச்சேன். அப்புறம் உக்காந்துட்டேங்கய்யா" என்றாள்.

மனுவைக் கிழித்துவிட்டேன், உறைக்குள் தேட வேண்டாம். கண் கொடுப்பதற்கு எழுதிக் கொடுக்கிற ஃபாரம் இரண்டு, எனக்கும் றோசாலிக்கும், விசாரித்து அனுப்பவும். எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நிமுந்து பாருங்கய்யா," என்றாள் இராக்கம்மா, "எம்மவன் தரையப் பாக்க மாட்டான்."