சித்தியின் செல்கள் ஓரத்துக்குப் போன விவரம்

அன்பும் அறிவும் ஒருங்கே நிறைந்த சித்திக்கு,

அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் காலையிலிருந்து நலமில்லை. காரணம் உடம்பில் இல்லை, என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது.

நேற்று உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனீர்கள் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை உயிருள்ள செல்களுக்கு ஊட்டிவிட்டால், காந்தம் காட்டும் பக்கமெல்லாம் அவை வரும் என்றீர்கள். "எங்க வீட்டுல தம்பிக்கு ஊட்டுறதே பெரும்பாடு, இதுங்க சமர்த்தா சாப்பிடுதே சித்தி" என்றேன். துகள் தின்ற செல்களைத் தட்டில் ஊற்றி, "அடியில ஒட்டிக்கிற வரைக்கும் மேசையை அசைக்காதே" என்றீர்கள். நான் தட்டுக்குப் பக்கத்தில் என் பையை வைத்தேன், நீங்கள் அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பாட்டுப் போட்டீர்கள், நடுவில் என் ஹேர்பின் தொலைந்துபோய் இருவரும் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினோம், கடைசியில் பார்த்தால் அது உங்கள் கைப்பேசி உறையிலேயே இருந்தது. "கண்ணை எங்கடி வச்சிருக்கே?" என்று என் தலையில் ஒரு குட்டும் வைத்தீர்கள்.

இன்று காலை நீங்கள் போனில் கத்தியது எனக்கும் கேட்டது. "அக்கா! காந்தமே வைக்கலை, அத்தனையும் தானாவே ஒரு ஓரமா போயிருக்கு! நாளைக்கு எங்க தலைவர்கிட்ட சொல்லப்போறேன்!"

அம்மா, "உன் துணியே தானா மடிஞ்சுக்காது, இது தானா நடக்குதாக்கும்!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பையின் மூடி 'டக்'கென்று மூடிக்கொள்ளும். காந்தமாகத்தானே இருக்க வேண்டும்? போனில் சொன்னால் அம்மா காதில் விழும், பிறகு விடுமுறை முழுக்கத் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் தண்டனைதான். ஆகவே உங்கள் தெரு வழியாகப் போகும் அப்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தலைவர் முன்னால் நீங்கள் அசடு வழியக் கூடாது சித்தி. அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஆயிரம் மன்னிப்பு கேட்கிறேன். ஆய்வுக்கூடக் கதவை மட்டும் எனக்குச் சாத்திவிடாதீர்கள்.

சித்தப்பாவுக்கு வணக்கம். தட்டில் ஒதுங்கியிருப்பவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
செல்களை இழுத்த பாவி

பி.கு.: எதையும் சோதிக்காமல் நம்பாதே என்பீர்களே, கடிதத்தை மடிக்கும் முன் பையை ஒரு குண்டூசியிடம் காட்டினேன். ஒட்டவில்லை. வெறும் பிளாஸ்டிக் பொத்தான். அப்புறம்தான் உறைத்தது: நிமிர்ந்து நின்ற உங்கள் கைப்பேசி உறையில் என் ஹேர்பின் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மேற்படி ஆயிரம் மன்னிப்பையும் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தனுப்பவும். குட்டு மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்து நேரில் திருப்பித் தருகிறேன்.