மருதிலைப் பைகளை நான் கழுவிய கதை

என் வளவில் ஒரு சருகு கிடந்து யாரும் கண்டதில்லை என்று பெருமை பேசிப் பேசியே கிழவியானவள் நான். அந்தச் சுத்தத்தைக் கொண்டே ஒரு படித்த பிள்ளையின் ஆறு மாத உழைப்பைக் கழுவி ஊற்றினேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. (சுவாமியாருக்கு விளங்காது என்று ஒரு சாட்டு.)

அன்புவழிபுரத்தைத் தாண்டி இருக்கிறது எங்கள் வளவு. பின்வேலியை ஒட்டி ஒரு ஓடை போகிறது. கரையில் இரண்டு பெரிய மருதமரங்கள். ஒருநாள் மூதூர்ப் பிள்ளை ஒருத்தி படலையில் வந்து நின்று, அந்த ஓடையில் கொஞ்சக் காலம் ஆராய்ச்சி செய்ய விடுவீர்களா என்று கேட்டாள். நஸ்ரின் என்று பெயர். பள்ளிக்கூட ரீச்சர். ஒரு வருடம் லீவு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். என்ன ஆராய்ச்சி என்றேன். விழுந்த இலை எப்படி உக்குகிறது என்று பார்க்கப் போகிறாளாம். அதுக்கு ஏன் பல்கலைக்கழகம், நாலு நாள் முற்றம் கூட்டாமல் விட்டால் தெரிந்துவிடுமே என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது. அவள் கோபிக்கவில்லை, சிரித்தாள்.

மருதிலைகளைக் காயவைத்து, பொன் நிறுப்பதுபோல நிறுத்து, வலைப்பைகளில் போட்டு வாயைக் கட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் தொங்கவிட்டாள். பாதியை ஓடைத் தண்ணீருக்குள் கல் வைத்துக் கட்டினாள், மீதியை மரத்தடி மண்ணுக்குள் புதைத்தாள். சில பைகளின் வலைக்கண் பெரிது. பூச்சியும் கூனி இறாலும் உள்ளே போகலாம். மற்றவற்றின் கண் மிக நுணுக்கம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மட்டுந்தான் போகும். மாதம் ஒருமுறை வந்து இரண்டு மூன்று பைகளை எடுத்துப்போய், திரும்பவும் காயவைத்து நிறுப்பாள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது. பூச்சியா கிருமியா, எது அதிகம் தின்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

"பூச்சிக்கு வெறும் இலை எண்டா வெறும் பாண் மாதிரி, அம்மா. கிருமியும் பூஞ்சணமும் பிடிச்சு இலை மெத்தெண்டு வந்தாத்தான் அதுக்குச் சம்பல் வச்ச பாண்" என்று ஒருநாள் விளங்கப்படுத்தினாள். நானும் எல்லாம் விளங்கினவள்போலத் தலையாட்டினேன். (காலையில் தின்னும் பாணும் சம்பலும் விளங்கியது.) பைகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நான் இருக்க ஒரு ஈயும் அண்டாது என்றேன்.

ஆறாம் மாதம் வந்து, சனிக்கிழமை மிஸ் வருகிறா என்றாள். மிஸ் என்றால் அவளுடைய பேராசிரியை. மிஸ் பார்த்துச் சரி என்றால்தான் மிச்சத்தை லீவு முடிவதற்குள் எழுதி முடிக்கலாம். பிழைத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சொல்லும்போது அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். வீட்டுக்குப் பெரிய ஆள் வருகிறா.

வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவினேன், கதிரைகளைத் துடைத்தேன், முற்றம் கூட்டினேன். பிறகு, ஓடையையும் ஒரு பார்வை பார்ப்போம் என்று போய் ஒரு பையைத் தூக்கினேன். ஐயோ கடவுளே. உள்ளே கறுத்து, வழுவழுத்து, ஓட்டை ஓட்டையாய் நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். சேற்று மணம். ஏதோ நெளிந்தது. நாளைக்கு அந்த மிஸ் இதைத் தூக்கிப் பார்த்து, இந்த மனிசியின் வளவில் இப்படி ஊத்தையா என்று நினைத்தால்? அந்தப் பிள்ளைக்கும் மரியாதைக் குறைவுதானே?

என் மகள் செல்வி ரவுணுக்கு வேலைக்குப் போயிருந்தாள். தடுக்க ஒருவரும் இல்லை. தண்ணீருக்குள் இறங்கி ஒன்று விடாமல் பைகளை அறுத்தெடுத்தேன். உள்ளே இருந்ததைக் கொட்டி, குப்பையோடு சேர்த்து எரித்தேன். வலைகளைச் சவர்க்காரத் தூளில் ஊறவைத்து, தேங்காய்ப் பொச்சால் உரஞ்சி, பினாயில் தண்ணீரில் முக்கி எடுத்தேன். நல்ல பச்சை மருதிலைகளாகப் பறித்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து நிரப்பினேன். பழைய பூச்சீலை ஒன்றைக் கிழித்து வாய்களைக் கட்டினேன். இலக்கங்களையும் தொங்கவிட்டேன், எது எந்தப் பையினது என்று பார்க்கவில்லை, வடிவாகத் தொங்கினால் போதும் என்று விட்டேன். மண்ணுக்குள் இருந்தவை தப்பின. காரணம், அவை என் கண்ணில் படவில்லை.

அடுத்த நாள் மிஸ் வந்தா. கண்டிப்பான முகம், கையில் ஒரு கொப்பி. நஸ்ரினும் செல்வியும் கூடப் போனார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நடந்தேன். பாராட்டு விழும்போது பக்கத்தில் நிற்கவேண்டும் அல்லவா?

மிஸ் முதல் பையைத் தூக்கினா. இலைகள் அன்றைக்குப் பறித்ததுபோலப் பளபளத்தன. மணந்து பார்த்தா. அடுத்ததைத் தூக்கினா, அதற்கடுத்ததையும்.

"நஸ்ரின், இது ஆறு மாசம் தண்ணிக்குள்ள கிடந்த இலையா?"

அந்தப் பிள்ளையின் முகத்தில் இரத்தம் வற்றியது. மிஸ் கொப்பியைப் புரட்டி, அப்போ இவ்வளவு காலமும் நீங்கள் தந்த நிறைகள் எங்கிருந்து வந்தவை என்று கேட்டா. கள்ளக் கணக்கு எழுதினாயா என்று கேட்கிறா என்பது எனக்கே விளங்கியது.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு எழுதவும் கை கூசுகிறது. "ஓடைக்குக் குளிக்கச் சனம் வாறதுதானே, ஆர் கைவச்சினமோ" என்றேன்.

நஸ்ரின் பையின் கட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்கள் குசினி வாசலைப் பார்த்தாள். அங்கே திரையாகத் தொங்கியது அதே பூச்சீலையின் மற்றப் பாதி. என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"என்ர பிழைதான் மிஸ். நான் அடிக்கடி வந்து பாத்திருக்கோணும்" என்றாள்.

கள்ளி என்று பெயர் கேட்டாலும் என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான் தட்டை நிலத்தில் வைத்தேன்.

"நான்தான் மிஸ். ஊத்தையாக் கிடந்துது, கழுவினனான். இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

செல்வி தலையில் கைவைத்தாள். எடுத்த இலை எங்கே என்று மிஸ் கேட்டா. எரித்துவிட்டேன் என்றேன். மிஸ் கொப்பியை மூடினா. கோபிக்கவில்லை, அதுதான் அதிகம் சுட்டது.

"அம்மா, நீங்கள் ஊத்தை எண்டு எரிச்சது இந்தப் பிள்ளையின்ர ஆறு மாசம். அந்தக் கிருமியள்தான் அவவுக்கு வேலை செய்துகொண்டிருந்தவை. நீங்கள் வேலைக்காரர் எல்லாரையும் பினாயில் ஊத்திக் கொன்றுபோட்டியள்."

நஸ்ரின் பொய் சொல்லவில்லை என்று மிஸ் அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டா. மண்ணுக்குள் கிடந்த பைகளால் பாதி ஆராய்ச்சி மிஞ்சியது. ஓடைப் பாதியை முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. லீவு முடிந்து நஸ்ரின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். அதன்பிறகு கிழமை முழுதும் படிப்பித்துவிட்டு, சனிக்கிழமைகளில் மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்து தண்ணீருக்குள் நின்றாள். முதல் சனிக்கிழமை அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல் நான் குசினிக்குள் ஒளித்தேன். அவளே வந்து தேத்தண்ணி கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ அம்மா, ஆனா ஓடைப் பக்கம் வராதேங்கோ" என்றாள். போகவில்லை. பைகள் அங்கே கறுத்து நாறிக்கொண்டிருப்பது தெரிந்தும் போகவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

இரண்டு வருடம் கழித்துத் தடித்த புத்தகமாக ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே எல்லாம் இங்கிலீசு. நன்றி சொல்லும் பக்கத்தைச் செல்வி தமிழில் வாசித்துக் காட்டினாள். மிஸ்ஸுக்கு நன்றி, உம்மாவுக்கு நன்றி. அதற்குக் கீழே என் பெயர், "இரண்டாம் முறை ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக" என்று.

அன்றிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்குப் போனாலும் எனக்கென்று ஒரு கதிரை போட்டு வைத்திருப்பார்கள். நான் கோப்பை கழுவ எழும்பினால் போதும், மருமகனிலிருந்து பேத்திவரை ஒரே குரலில் சொல்வார்கள்.

"நீங்கள் இருங்கோ. ஒண்டும் செய்யாம இருந்தா உங்கட பேர் புத்தகத்தில வரும்."