முறுக்கு மிஷினை நான் யோக்கியமாக்கிய கதை

அதிகம் படிக்காதவனுக்கு ஒரு வசதி உண்டு. படித்தவர்கள் எதைச் சொன்னாலும் சந்தேகப்படலாம். படித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டுமென்றால் அதற்குக் கூட்டம் போட வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். எனக்கு ஒரு தே தாரேக் குடிக்கிற நேரம் போதும்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். ஜார்ஜ்டவுனில் பிறந்து, ஈப்போவில் லாரியில் ஏறி, ஜொகூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினேன். தங்குவதற்கு ரூம் பிறகு தருகிறேன் என்றார் அந்தக் கடை முதலாளி. அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அரிசி மூட்டைமேல்தான் படுத்தேன். (குறை சொல்லவில்லை. முதுகுக்கு நல்லதுதான்.) ஆனால் யாராவது ‘பிறகு’ என்றால் காது விறைத்துக்கொள்ளும் வியாதி அங்கேதான் பிடித்தது.

பல ஊர் சுற்றிக் கடைசியில் மாக் மண்டினில் ஒரு சின்னப் பட்டறையில் ஒதுங்கினேன். பொட்டலங்களை எண்ணி லேபிள் ஒட்டும் மிஷின்கள் செய்கிற இடம். வயர் இழுக்கப் போனவன், கைப்பேசியில் வீடியோ பார்த்து புரோகிராமும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சிம்பாங் அம்பாட் முறுக்குக் கம்பெனி கேட்டிருக்கும் மிஷின் நல்லபடியாக ஓடினால் என் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி செல்வம் அண்ணன் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் மறுபடியும் பையைத் தூக்க வேண்டியதுதான். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எனக்கும் அந்தப் பைக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சலிப்பு வந்திருந்தது.

மிஷினுக்குப் புரோகிராம் எழுதியவள் கவிதா. பல்கலைக்கழகத்தில் படித்தவள், என்னைவிட வயதில் சின்னவள். அவள் எழுதியதை ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

பெல்ட்டில் ஒரு பொட்டலம் சென்சாரைத் தாண்டினால், சென்சார் கணினியைக் கூப்பிடும். இதற்கு இண்டரப்ட் என்று பெயர். கணினி கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவரும். ஓடிவந்து என்ன செய்கிறது என்று பார்த்தேன். வந்ததைக் குறித்துக்கொள்கிறது, லேபிள் அடிக்கும் வேலையை ஒரு வரிசையில் போடுகிறது, திரும்பிப் போய்விடுகிறது. லேபிள் பிறகாம்!

கவிதாவிடம் கேட்டேன். “கூப்பிட்ட இடத்துல ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுலா அண்ணே. அங்க நிக்கிற வரைக்கும் வேற யாரு கூப்பிட்டாலும் அதுக்குக் காது கேக்காது” என்றாள்.

தலையாட்டினேன். ஆனால் நம்பவில்லை. ஜொகூர் முதலாளியும் காரணம் நன்றாகத்தான் சொன்னார்.

வாடிக்கையாளர் வந்து பார்ப்பதற்கு முதல்நாள், கவிதா புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்துக்காக லீவு போட்டாள். (சரியாக அந்த நாள் பார்த்தா? குறித்துக்கொண்டேன்.) புரோகிராமைத் திறந்தேன். அந்த இடத்துக்கு மேலே ‘இங்கே எந்த வேலையும் செய்யாதீர்கள்’ என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். உள்ளே ஒன்றுமில்லாத அறைக்கு எவனாவது பூட்டுப் போடுவானா?

வரிசையைத் தூக்கி எறிந்தேன். கூப்பிட்டதும் ஓடிவா, அங்கேயே நில், லேபிளை பிரிண்டருக்கு அனுப்பு, அது அடித்து முடிக்கும்வரை காத்திரு, அப்புறம்தான் போகலாம் என்று மாற்றினேன். ஒரு பொட்டலத்தைக் கையால் நகர்த்திப் பார்த்தேன், லேபிள் ஒட்டியது. இன்னொன்றை நகர்த்தினேன், அதிலும் ஒட்டியது. யோக்கியமான மிஷின். அந்தப் பெருமையில் நாசி கண்டார் சோற்றில் கூடுதலாக இரண்டு கறி ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் முறுக்குக் கம்பெனியின் முதலாளி பரமேஸ் அக்கா வந்தார். பட்டறைப் பொட்டலங்களை ஓட்டினால் ஏமாற்றிவிடுவோம் என்று சொந்த முறுக்கைக் கெரெத்தாவின் பின்சீட்டு நிறைய ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பார்த்ததுமே அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

மெதுவாக ஓட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “இப்படிப் போனா தீபாவளி முடிஞ்சிடும் தம்பி. வேகமா ஓட்டு.”

வேகத்தைக் கூட்டினேன். திரையில் பொட்டல எண்ணிக்கை அப்படியே நின்றது. பொட்டலத்தில் ஒட்ட வேண்டிய லேபிள்கள் தாமதமாக வந்து வெறும் பெல்ட்டில் ஒட்டின. பெல்ட்டின் கடைசியில் பொட்டலத்தைப் பெட்டிக்குள் தள்ள வேண்டிய இரும்புக் கை, சாமி சிலை மாதிரி அசையாமல் நின்றது. பொட்டலங்கள் முட்டி மோதிக் குவிந்து, அக்காவின் காலடியில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. நிறுத்தும் பட்டனை அமுக்கினேன். மறுபடியும் அமுக்கினேன். சாமியறையில் வேண்டுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. செல்வம் அண்ணன் பாய்ந்து வந்து, மின்சாரத்தையே துண்டிக்கிற சிவப்புக் குமிழை அடித்தார்.

அந்த அமைதியில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் முறுக்கை. (உறை ரொம்ப மினுக்குது என்று வேறு சொன்னேன்.) கடைசியில், “கவிதாதான் ஏதோ பண்ணி வெச்சிட்டு லீவுல போயிருக்குண்ணே” என்றேன்.

செல்வம் அண்ணன் கவிதாவுக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நடந்ததைச் சொன்னார். நான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் கேட்டாள்: “அண்ணே, இண்டரப்ட் வர்ற இடத்துல கை வெச்சீங்களா?”

“வெச்சேன். நல்லதுக்குத்தான்.”

“நிறுத்துற பட்டனும் அதே மாதிரி வந்து கூப்பிடணும்ணே. நீங்க கணினியை உள்ள பிரிண்டரைப் பார்த்துக்கிட்டு நிக்க வெச்சிட்டீங்க. பட்டன் வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருக்கு. ஒரு பொட்டலத்தை முடிச்சிட்டுத் தலையைத் தூக்குறதுக்குள்ள அடுத்த பொட்டலம் வந்து இழுக்குது. பட்டனை யாரு கேப்பா?”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவள் சொல்லச் சொல்ல, பழைய புரோகிராமை என் கையாலேயே திரும்பப் போட்டேன். மிஷின் பறந்தது. லேபிள் தவறவில்லை, பட்டனை அமுக்கியதும் நின்றது. நான் தரையில் உட்கார்ந்து உடைந்த முறுக்கைக் கூட்டி அள்ளிக்கொண்டே, மனத்துக்குள் பையில் துணி அடுக்கினேன்.

பரமேஸ் அக்கா என் தலைக்குமேல் செல்வம் அண்ணனிடம் சொன்னார்: “மிஷினை எடுத்துக்கிறேன். ஆனா இந்தத் தம்பி முதல்ல என் கடையில வந்து நிக்கணும். எப்படியெல்லாம் கெடுக்கலாமோ அப்படியெல்லாம் கெடுத்துப் பார்க்கணும். இவனாலயே கெடுக்க முடியலைன்னா வேற யாராலயும் முடியாது.”

அப்படித்தான் வேலை நிரந்தரமானது. நான் இப்போது சோதனைப் பிரிவு. மற்றவர்கள் செய்ததை நம்பாமல் இருப்பதற்கு மாதாமாதம் சம்பளம். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய கவிதாவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். “சரிண்ணே” என்றாள். அதற்கப்புறம் அவள் எழுதுவதை எனக்குக் காட்டாமல் வெளியே அனுப்புவதில்லை.

எனக்குப் பெண் பார்த்தபோது நடுவில் பேசியவரும் பரமேஸ் அக்காதான். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, முறுக்கு விழுந்த கதையை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் மாமியார் வீட்டுக்குப் போனால் காப்பி எனக்குத்தான் முதலில் வரும். நான் ஒரு வாய் குடிக்கும்வரை மற்றவர்கள் யாரும் டம்ளரைத் தொடுவதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை என்கிறாள் மனைவி. எனக்கென்னவோ சந்தேகமாகத்தான் இருக்கிறது.