குமாஸ்தா பாடு

முற்பிறவி ஞாபகம் இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு பேர். நான்கு பேர் அரசர்கள், மூன்று பேர் அரசிகள், இரண்டு பேர் முனிவர்கள், ஒருவர் கோயில் யானை. போன பிறவியில் நகராட்சியில் வரி வசூலித்தேன் என்று சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பதினொன்றாவது ஆள் நான்தான். நான் பாடகன்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே கனவு. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறேன். எதிரே வரிசையாகக் கழிகள், மொத்தம் ஏழு. (கனவிலும் எண்ணுவேன், என்ன செய்ய?) தண்ணீரிலிருந்து சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண் எழுந்து வருகிறாள். அவளுக்குத் தாடி இருக்கிறது. பழுப்பு நிறத்தில், மார்பு வரை தொங்குகிற தாடி. அதை உதறிவிட்டு, இரண்டு கைகளையும் ஆட்டி, “பாடு! பாடு!” என்று கத்துகிறாள். நான் பாட வாய் திறக்கிறேன். உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது. அலறிக்கொண்டு எழுகிறேன்.

சிறுவனாக இருந்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “போன ஜென்மத்து வாசனைடா. யார்கிட்டேயும் சொல்லாதே, முக்கியமா அப்பாகிட்டே” என்று நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். அம்மாவே சொன்ன பிறகு சந்தேகம் எதற்கு? நான் ஏதோ ஒரு அரண்மனைப் பாடகன். தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறேன். கடைசி நிமிடத்திலும் என் மனைவி என் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, தாடியைத் தவிர.

கல்யாணமான புதிதில் என் மனைவி புவனாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். “தாடி வச்ச பொண்டாட்டியா?” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சுருதி சேர்த்தால் அவள் மிக்ஸியை ஓட்டுவாள். ‘அவளாக இருந்தால் கேட்டிருப்பாள்’ என்று நானும் அவ்வப்போது குத்திக் காட்டுவேன். முற்பிறவி மனைவியை வைத்து இப்பிறவி மனைவியை இத்தனை காலம் சீண்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன தை மாதம் பூநாரை பார்க்க இருவரும் பழவேற்காட்டுக்குப் போனோம். படகு எடுத்தோம். படகுக்காரர் பெயர் எல்லப்பன். என்னைவிட இரண்டே வயது சின்னவர். ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்து யாரையோ திட்டிக்கொண்டே வந்தார்.

“காத்து வந்து வலைய கிழிச்சதுக்கெல்லாம் குமாஸ்தா பாடு கேட்டா எவன்டா குடுப்பான்? போடா!”

நான் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பாவும் குமாஸ்தா. குமாஸ்தா படுகிற பாடு நடு ஏரி வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பசியாவரம் தீவுக்குப் பக்கத்தில் பூநாரைகள் நின்றன. எண்ண ஆரம்பித்தேன். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று நகர்ந்து கணக்கைக் கெடுத்தது.

“இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க எல்லப்பன்.”

“அதுக்கு மேல போவக் கூடாது சார். அங்க தேசிங்கு வலை கட்டிகிறான்.”

“ஒரு படகு நீளம்தான். எண்ணிக்கை தப்புது.”

“உனக்கு எண்ணிக்கை தப்புது, எனக்கு ஊர்ல தப்பாப் பூடும்” என்று முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் போனார். அப்போதுதான் பார்த்தேன். தண்ணீரில் வரிசையாகக் கழிகள். எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழேதான்.

அந்த நேரத்தில் எதிர்ப் படகிலிருந்து ஒருவர் எழுந்து, இரண்டு கைகளையும் ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினார்.

“பாடு! பாடு!”

“புவனா, கேட்டுதா?”

“கேட்டுது. உக்காருங்க.”

உட்காருவதா? ஒரு பிறவி முழுக்கக் காத்திருந்த அழைப்பு! போன முறைதான் தண்ணீர் வந்து தடுத்துவிட்டது. இந்த முறை வாய் காய்ந்துதான் இருக்கிறது. படகின் நடுவில் எழுந்து நின்றேன். கண்ணை மூடினேன். “ஸ…” என்று இழுத்தேன். ‘ரி’ வருவதற்குள் படகு சாய்ந்தது.

ஏழு கழிகளில் நான்கை இழுத்துக்கொண்டு விழுந்தேன். வலை காலைச் சுற்றியது. வாயில் அதே உப்புத் தண்ணீர். இரண்டாவது முறையாக மூழ்கிச் சாகிறேன் என்று அலறினேன்.

“யோவ் சார்! எயுந்து நில்லு! இடுப்பளவுதான் தண்ணி!” என்றார் எல்லப்பன்.

எழுந்து நின்றேன். இடுப்பளவுதான். சாய்ந்துபோன வலை வழியாக இறால்கள் என் முழங்காலில் இடித்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. (அவற்றை எண்ண முடியவில்லை. அவ்வளவு.) எதிர்ப் படகில் இருந்தவர்தான் தேசிங்கு. அவர் என்னைத் திட்டவில்லை. படகில் அப்படியே உட்கார்ந்து, போகிற இறாலையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கரையில் ஊர் கூடிவிட்டது. ஈர வேட்டியோடு நடுவில் நான். புவனா எனக்கு ஆதரவாக நிற்பாள் என்று பார்த்தேன். அவள் எதிர்க்கட்சியோடு நின்றாள்.

அப்போதுதான் எனக்குப் பாடு என்றால் என்ன என்று தெரிந்தது. ஏரியில் இறால் சேருகிற நல்ல இடம் கொஞ்சம்தான். சண்டை வராமல் இருக்கக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்று பெயர், அந்த முறைக்கும் பாடு என்றே பெயர். ‘இது என் பாடு, உள்ளே வராதே’ என்றுதான் தேசிங்கு கத்தியிருக்கிறார். அதற்கு நான் பாடியிருக்கிறேன்.

“அடுத்த பாடு வர்றதுக்கு ஒரு மாசம் ஆவும் தலைவரே” என்றார் தேசிங்கு. “பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீது. இத்த நம்பித்தான் இருந்தேன். எனக்குக் குமாஸ்தா பாடு குடுங்க.”

ஊர்த் தலைவர் பதில் சொல்வதற்குள் ஒரு மீசைக்காரர் குறுக்கே வந்தார். நாளைய முறை அவருடையது. இன்று கெட்டதை நாளை கொடுத்தால் அவர் முறை தள்ளிப்போகும். “அது எப்டி? குமாஸ்தா பாடு கொயந்த உளுந்தாத்தான். இது பல்லு கொட்டுன கொயந்த! படகு ஏத்தினு வந்த எல்லப்பன கேளு.”

“நான் கிட்ட போவமாட்டேன்னுதான் சொன்னேன்” என்றார் எல்லப்பன். “அப்புறம் யாரு பாடச் சொன்னது இவர?”

“ஏன் சார் பாடினீங்க?” என்று தலைவர் என்னிடம் கேட்டார்.

படித்தவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா? எல்லாவற்றையும் சொன்னேன். கனவு, ஏழு கழி, சிவப்புப் புடவை, தாடி. கடைசியாக, குரல் தழுதழுக்க, “அவள் என் முற்பிறவி மனைவி” என்றேன்.

கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். எல்லப்பன் மெதுவாக என் முன்னால் வந்து நின்றார்.

“தாடி இன்னா கலரு சார்?”

“பழுப்பு.”

“வாயில கடிச்சினு இருந்தாங்களா?”

யோசித்தேன். ஆமாம். அது முகத்தில் முளைத்த தாடி இல்லை, பல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அது தாடி இல்ல சார், பறி. ஓலையில பின்னுன பை. கையால எறா தடவுறவங்க அத்த பல்லுல கடிச்சினுதான் தண்ணில குந்தினு இருப்பாங்க. ரெண்டு கையும் வேணும்ல?” என்றார் எல்லப்பன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “செவப்புப் பொடவ, பறி, தண்ணில எறங்குன புள்ள… எங்க அம்மா சார் அது.”

எனக்கு மறுபடி தண்ணீருக்குள் போனது போல் காது அடைத்தது. ஊருக்கு நடுவில் நின்று ஒரு மனிதரின் அம்மாவை என் மனைவி என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அவர் அடிக்கவில்லை, கேட்டார்.

“அப்ப நான் உங்கள நைனானு கூப்படணுமா?”

ஊர் சிரித்த சிரிப்பில் பூநாரைகள் பறந்துவிட்டன. (எண்ணி முடிக்கவே இல்லை.)

சிரிக்காதவர் தலைவர் மட்டும்தான். “இருங்கப்பா. எல்லப்பன் அம்மா தூக்கியாந்த புள்ளைன்னா… குமாஸ்தா பாடுன்ற பேரே அதுல வந்ததுதானே? பொன்னேரி கெடங்குல ஒரு குமாஸ்தா. பொண்டாட்டி புள்ளயோட ஏரி பாக்க வந்தாரு. புள்ள தானா நடந்து பாட்டுக்குள்ள எறங்கிடுச்சி. ‘பாடு, பாடு’ன்னு அந்தம்மா கத்திப் பாத்துட்டு, பறிய உட்டுட்டுப் போயி தூக்குச்சி. வலை சாஞ்சி மீனெல்லாம் போச்சி. அறியாத புள்ளயால கெட்டதுன்னு மறுநா பாட்ட வலக்காரனுக்கே மறுபடி குடுத்தாங்க. எங்க நைனா சொல்வாரு.”

“அந்தக் குமாஸ்தா அப்ப எங்க இருந்தார்?” என்று புவனா கேட்டாள். அவள் குரலே சரியாக இல்லை.

“கரையிலதான். கொக்கு எண்ணினு இருந்தாராம்.”

புவனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கால் கட்டை விரலைப் பார்த்தேன். என் அப்பா நான் பிறந்தபோது பொன்னேரியில் கிடங்குக் குமாஸ்தா. சாப்பிட உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவார். அம்மா ஏன் வெளுத்தாள், ஏன் அப்பாவிடம் சொல்லாதே என்றாள் என்பதெல்லாம் அந்தக் கரையில், ஈர வேட்டியோடு, எனக்கு விளங்கியது. மூழ்கப் பார்த்த பிள்ளைக்கு அவள் போன பிறவி ஒன்றைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறாள்.

“அதே புள்ளன்னா பேச்சே இல்ல. வயசு பத்தி நாம சட்டம் ஒண்ணும் வைக்கல” என்றார் தலைவர். “சார், நீங்களே சொல்லுங்க. நீங்க அந்தக் குமாஸ்தா புள்ளயா, போன ஜென்மத்துப் பாட்டுக்காரரா?”

இதைவிடக் கொடூரமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்னிடம் இருந்த ஒரே பெருமை அது. ஒரு அரண்மனை, ஒரு சபை, என் பாட்டுக்காக ஏங்கிய ஒரு பெண். “முற்பிறவியிலும் இதே மாதிரி நடந்திருக்கலாம் இல்லையா?” என்று ஒரு முறை முனகிப் பார்த்தேன். தேசிங்கு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், சற்று முன் இறாலைப் பார்த்த அதே கண்ணால்.

“குமாஸ்தா பிள்ளைதான்” என்றேன்.

மீசைக்காரர் காறித் துப்பிவிட்டு, “நாளைக்கி எட்த்துக்கோ. நாளன்னிக்கி எனுது” என்று தேசிங்கிடம் சொல்லிவிட்டுப் போனார். தேசிங்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாய்ந்த கழிகளை நானும் கூடவே நட்டுத் தருகிறேன் என்றேன். ஊர் மொத்தமும் ஒரே குரலில் வேண்டாம் என்றது.

திரும்பி வரும்போது எல்லப்பனிடம் மெதுவாகக் கேட்டேன். “உங்க அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்காங்களா?”

“சொல்லாமயா? உன்ன தூக்கறப்ப பறி போச்சி, உள்ள இருந்த எறாவும் போச்சி. அன்னிக்கி ஊட்ல வெறும் சோறு. ‘அந்தப் புள்ள இப்ப எங்க குந்தினு தின்னுதோ’ன்னு சாவற வரைக்கும் சொல்லும்.”

என் பாட்டைக் கேட்க ஆசைப்பட்ட ஒரே பெண்ணும் இல்லாமல் போனாள். ஆனால் என்னைப் பற்றி ஒருத்தி கடைசி வரை பேசியிருக்கிறாள் என்று நினைத்தபோது, அரண்மனை அவ்வளவு பெரிய இழப்பாகத் தெரியவில்லை. தேசிங்குக்கு மறுநாள் நல்ல இறால் என்று எல்லப்பன் போனில் சொன்னார். பேரன் பிறந்ததையும் அவர்தான் சொன்னார்.

இப்போதும் மாதம் ஒரு முறை அவர் போன் வருகிறது. என் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தால் புவனா வேண்டுமென்றே சத்தமாக வைத்துவிட்டு, “உங்க மூத்த பிள்ளை பேசறான், வாங்க” என்று கூப்பிடுவாள்.

“நைனா,” என்பார் எல்லப்பன், “நாளைக்கி தேசிங்கு பாடு. நீங்க அங்கியே இருங்க.”